முதுகில் பன்னிரண்டு பட்டன்கள்

அத்தியாயம் 17

ஒன்பது நாட்களாக அந்த வீட்டில் கவுனைப் பற்றி யாரும் பேசவில்லை.

மற்றதெல்லாம் பேசினார்கள். அரிசியில் வண்டு விழுந்ததைப் பேசினார்கள். பக்கத்து வீட்டுச் சேவல் நேரம் தெரியாமல் கூவுவதைப் பேசினார்கள். கூடத்தின் நடுவில் மரப்பொம்மைமேல் ஆளுயரத்துக்கு நின்றுகொண்டிருந்த தந்த நிறக் கவுனை மட்டும் சுற்றிக்கொண்டு நடந்தார்கள்.

"கம்பி வச்ச துணி என் வீட்டை விட்டுப் போகாது" என்று ஒன்பது நாளுக்கு முன் அம்மா சோலிங் சொன்னாள். "கம்பி இல்லம்மா, நூலு" என்றாள் சின்ன மகள் டிவினா. "ஊர்வலத்துல விளக்கு எரியலைன்னா?" என்று அம்மா கேட்டாள். அதற்கு டிவினா சொன்ன பதில்தான் ஒன்பது நாளாக வீட்டுக்குள் கிடக்கிறது.

"எரியலைன்னா திங்கட்கிழமை தைவான் வேலைப் பேப்பர்ல கையெழுத்துப் போட்டுட்டுப் போயிடறேன். மூணு வருஷம். உனக்கும் நிம்மதி."

அவள் கேட்க நினைத்தது வேறு. லகுனா தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டு முப்பத்து நாலு வயதில் சொந்த ஊரான மலோலோஸுக்குத் திரும்பி வந்தவள், அம்மாவின் தையல் மேசையில் பாதி இடம் கேட்கத்தான் வாயைத் திறந்தாள். வாயில் வந்தது தைவான்.

இன்று மே மாதத்தின் கடைசி ஞாயிறு. மாலை ஐந்தரைக்குக் கோயில் வாசலிலிருந்து ராணி வேடமிட்ட பெண்களின் ஊர்வலம் புறப்படும். சிலுவையைத் தேடிப் போன ராணி எலேனா எல்லோருக்கும் கடைசியாக வருவாள். இந்தக் கவுன் அவளுடையது.

காலை பத்து மணிக்கு டிவினா தோகையைக் கவுனில் பூட்டினாள்.

கவுன் அம்மா தைத்தது. அதன் பின்னால் ஐந்து முழம் தரையில் புரளும் தோகை மட்டும் டிவினா தைத்தது. இரண்டையும் சேர்ப்பவை முதுகில் இரண்டு வரிசையாக இறங்கும் பன்னிரண்டு பிரஸ் பட்டன்கள். இடுப்புப் பட்டைக்குள் தீப்பெட்டி அளவில் ஒரு பேட்டரி. அதிலிருந்து வெள்ளி பூசிய நூல், தையலோடு தையலாக ஒவ்வொரு பட்டனுக்கும் ஏறியது. தோகையில் ஆறு கீற்றுகள். ஒவ்வொரு கீற்றிலும் கடுகளவு விளக்குகள். ஒரு கீற்றுக்கு இரண்டு பட்டன். மின்சாரம் போக ஒன்று, திரும்பி வர ஒன்று. சுவிட்ச் என்று தனியாக எதுவும் கிடையாது. பட்டனைப் பூட்டினால் எரியும், கழற்றினால் அணையும்.

தொழிற்சாலையில் ஒன்பது வருஷம் அவள் செய்ததும் இதுதான். இதய நோயாளிகள் போட்டுக்கொள்ளும் பனியன்கள். நெஞ்சின் துடிப்பு இந்த மாதிரிப் பட்டன் வழியாகத்தான் கருவிக்குப் போகும். யார் யாருடைய நெஞ்சுக்கோ பட்டன் அடித்துக்கொண்டிருந்தபோதெல்லாம், இதை அப்பாவுக்கு ஒரு தடவை காட்டியிருக்கலாம் என்று தோன்றிக்கொண்டே இருந்தது. காட்ட நினைத்தபோது அப்பா இல்லை.

டக், டக், டக். பன்னிரண்டும் பூட்டியதும் ஆறு கீற்றுகளும் எரிந்தன. பகல் வெளிச்சத்தில் அவை மங்கலாகத்தான் தெரிந்தன. ஆனால் எரிந்தன.

"ஏய், எரியுதுடி" என்றாள் அக்கா ரொவேனா, கையில் நூடுல்ஸ் கிளறும் கரண்டியோடு வந்து நின்று. "அம்மா, வந்து பாரு. உன் சின்ன மக வானத்தை வெட்டித் துணியில ஒட்டிட்டா. இனிமே இதை எப்படித் துவைக்கிறதுன்னு கேட்டுச் சொல்லு."

அம்மா உள்ளறை வாசல்வரை வந்தாள். கழுத்தில் அளவு நாடா தொங்கியது. அவள் விளக்குகளைப் பார்க்கவில்லை. பார்வை பொம்மையின் முதுகில், இரண்டு தோள்பட்டைகளுக்கும் நடுவில் நின்றது. வெகு நேரம் நின்றது.

"முதுகைத்தான் ஊரே பார்க்கும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

டிவினா தோகையைக் கழற்றினாள். விளக்குகள் அணைந்தன.

"பாராட்டிட்டாங்க பாரு" என்றாள் ரொவேனா.

"அது பாராட்டா?"

"ஒன்பது நாளைக்கு அப்புறம் மூணு வார்த்தை. நம்மம்மாவுக்கு அது பெரிய சொற்பொழிவு."

கோயில் மண்டபத்தில் ராணி எலேனாவின் வளைவுக்குப் பூக்கட்டும் முறை இந்த வருஷம் இவர்கள் தெருவுக்கு. அக்காவும் தங்கையும் மூங்கில் வளைவை இரண்டு நாற்காலிகளில் சாய்த்துவைத்து மல்லிகைச் சரங்களைச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். மற்ற பெண்கள் மதியச் சாப்பாட்டுக்குப் போயிருந்தார்கள். மண்டபத்தில் மின்விசிறியின் சத்தம் மட்டும் இருந்தது.

அந்த மூங்கில் வளைவைத் தொட்டாலே டிவினாவுக்கு ஏழு வயது ஆகிவிடும்.

அப்பா அமாடோ, பயணிகள் ஏறும் ஜீப்னி வண்டிகளுக்கு மின்வேலை பார்த்தவர். மே மாதக் கடைசி ஞாயிறு வந்தால் இரண்டு ஜீப்னி பேட்டரிகளைத் தள்ளுவண்டியில் ஏற்றுவார். அதிலிருந்து நீண்ட ஒயர் போய், ராணியின் தலைக்குமேல் நான்கு பேர் பிடித்துவரும் வளைவில் குண்டு பல்புகள் எரியும். ராணிக்குப் பின்னால் அப்பா வண்டியை இழுத்து வருவார். கூட்டத்தின் காலில் மாட்டாமல் ஒயரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வருவது டிவினாவின் வேலை. மெழுகு உருகும் வாசனை, மல்லிகை வாசனை, பேட்டரியின் புளித்த வாசனை. இந்த மூன்றும் சேர்ந்ததுதான் மே மாதம் என்று அவள் வெகு காலம் நினைத்திருந்தாள்.

ஆசிட் தெறித்து அப்பாவின் சட்டைகளில் எப்போதும் மிளகளவு ஓட்டைகள் இருக்கும். அம்மா ஒவ்வொன்றையும் அதே நிற நூலால் இழையோட்டி மூடுவாள். கையால் தடவினால் தெரியும், கண்ணுக்குத் தெரியாது.

பிறகு ஒரு வருஷம், தோல் உரிந்த ஒயர் ஒன்று ராணியின் கவுன் விளிம்பில் பட்டது. அம்மா மூன்று மாதம் தைத்த கவுன். உள்ளங்கை அகலத்துக்குக் கருகியது. அப்பா வெறுங்கையால் அணைத்தார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. வீட்டுக்கு வந்ததும் அம்மா சொன்னது ஒரே வார்த்தை. "வேண்டாம்." அடுத்த மே மாதம் அப்பா வண்டியை இழுக்கவில்லை. அதற்கடுத்த மே மாதமும் இல்லை. ஊர்வலம் தெருவில் போகும்போது விளக்கை அணைத்துவிட்டு ஜன்னலோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். ஐந்து வருஷத்துக்கு முன் போய்ச் சேரும்வரை அப்படித்தான்.

"அம்மா அன்னைக்கு அப்பாவைத் திட்டவே இல்ல, தெரியுமா" என்றாள் ரொவேனா, சரத்தின் முனையைப் பல்லால் கடித்து அறுத்தபடி.

"தெரியும்."

"திட்டியிருந்தா அவர் மறு வருஷமும் இழுத்திருப்பாரு."

டிவினா அடுத்த சரத்தை எடுத்தாள். இருவரும் இன்னொரு முழம் சுற்றினார்கள்.

"எரிஞ்சா என்ன பண்ணுவே?" என்று ரொவேனா கேட்டாள்.

"எரிஞ்சா அம்மாகிட்ட மேசை கேட்பேன்."

"எரியலைன்னா நெஜமாவே போயிடுவியா? தைவான் ஏஜென்சிக்காரன் பதில் கேட்டு இன்னைக்குக் கூப்பிடறேன்னானே."

"சொன்ன வார்த்தைன்னு ஒண்ணு இருக்குல்ல. போனை வீட்டுலயே சார்ஜ்ல போட்டுட்டு வந்துட்டேன். பதில் ராத்திரிதான் தெரியும்."

"அம்மா பொண்ணு நீ. அச்சு அசல். அதான் ரெண்டு பேருக்கும் ஆகல."

நாலரை மணிக்கு இவர்கள் வீட்டுக் கூடத்தில் மருந்துக்கடை வீட்டுப் பெண் பியாங்கா கவுனுக்குள் நின்றுகொண்டிருந்தாள். இந்த வருஷத்து ராணி அவள்தான். பாவாடைக்குள் வளையங்கள் இருந்ததால் உட்கார முடியாது.

"எனக்குப் பசிக்குது" என்றாள்.

"ராணிக்கெல்லாம் பசிக்காது" என்றாள் ரொவேனா. "வாயைத் திற. உதட்டுச் சாயத்துல படாம ஊட்டி விடறேன்."

டிவினா தோகையைத் தூக்கிப் பட்டன்களை மேலிருந்து பூட்டினாள். பன்னிரண்டாவதும் பூட்டியாகிவிட்டது. நிமிர்ந்தாள்.

தோகை இருட்டாகக் கிடந்தது.

"அக்கா, இன்னும் ஆன் பண்ணலையா?" என்றாள் பியாங்கா, வாயில் நூடுல்ஸோடு.

"பூட்டினாலே எரியணும்."

இடுப்புப் பட்டையைத் திறந்து பேட்டரியைப் பார்த்தாள். நன்றாக இருந்தது. நூல் எங்கும் அறுந்திருக்கவில்லை. மறுபடி கழற்றினாள், மறுபடி பூட்டினாள். அப்போதுதான் சத்தம் மாறியிருப்பது உறைத்தது. காலையில் டக்கென்றது. இப்போது, மெத்தையில் விரலால் தட்டியதுபோல அடங்கி ஒலித்தது.

மடிப்பைத் திருப்பிப் பார்த்தாள்.

பன்னிரண்டு பட்டன்களும் பட்டு போர்த்தியிருந்தன. கவுனில் மிச்சம் விழுந்த அதே தந்த நிறப் பட்டு. வட்டமாக வெட்டி, ஓரத்தைச் சுருக்கி, பின்பக்கம் இழுத்து, தையல் எங்கே முடிகிறது என்றே தெரியாமல். தலையுள்ள பகுதியில் உலோக முனை பட்டைத் துளைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தது. ஆனால் குழியுள்ள பகுதியில் பட்டு உள்ளே வரை இறங்கி, குழிக்கு மெத்தை போட்டதுபோல் படிந்திருந்தது. உலோகமும் உலோகமும் தொட வழியில்லை.

நல்ல கவுனில் பிரஸ் பட்டன் வெறுமையாகத் தெரியக் கூடாது. அம்மா நாற்பது வருஷமாக ஒரு பட்டனையும் போர்த்தாமல் வெளியே அனுப்பியதில்லை. பன்னிரண்டு ஜோடி என்றால் இருபத்து நாலு துண்டு. அவர்கள் பூக்கட்டிக்கொண்டிருந்த நேரம் முழுவதும் ஜன்னலோரம் கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். மதியம் சாப்பிட்டிருக்க மாட்டாள்.

ஒன்பது நாளாகச் சுற்றிக்கொண்டு போன துணியை அம்மா தொட்டிருக்கிறாள். டிவினா அந்தச் சின்னப் பட்டு வட்டங்களை விரலால் தடவிக்கொண்டே நின்றாள். அவளால் நிமிர முடியவில்லை.

"சரியா இருக்கா?"

அம்மா வாசலில் நின்றிருந்தாள். ஊர்வலத்துக்குப் போகும் நீல உடுப்பு. சீவிய கொண்டையில் முத்துச் சீப்பு. முகத்தில் டிவினா வெகு நாட்களாகப் பார்க்காத ஒன்று இருந்தது. ஒரு நல்ல வார்த்தையை எதிர்பார்க்கும் முகம்.

பியாங்கா மெல்வதை நிறுத்தினாள்.

கடைசியில் ரொவேனாதான் மெதுவாகச் சொன்னாள். "அம்மா, பட்டுக்குள்ள கரண்ட் போகாது."

அம்மா தோகையைப் பார்த்தாள். பிறகு பட்டன்களை. பிறகு தன் கைகளை.

"இரும்பு தெரிஞ்சுது" என்றாள். "பின்னாடி வர்றவங்க அதைத்தானே பார்ப்பாங்க. எம்பொண்ணு தச்சதுன்னு சொல்லும்போது..."

மேசைக்குப் போய்த் தையல் பிரிக்கும் சின்னக் கத்தியை எடுத்துக்கொண்டு வந்தாள். முதல் பட்டனின் விளிம்பில் வைத்தாள்.

டிவினா அந்தக் கையைப் பிடித்தாள்.

"பிரிக்காதே."

"அப்புறம் எரியாதே."

"பிரிச்சா பட்டன் அடியில இருக்கிற என் நூலும் சேர்ந்து அறுந்துடும். நீ போர்த்தினது இருக்கட்டும். அதுமேல நான் வெள்ளி நூல் போடறேன். குழிக்குள்ள மூணு இழை, அப்படியே அடியில இருக்கிற நூலோட ஒரு முடிச்சு. பட்டு பட்டாவே இருக்கும், கரண்டும் போகும்."

"போகுமா?"

"பார்த்தாத்தான் தெரியும்."

தோகையைக் கழற்றி மேசைமேல் விரித்தார்கள். டிவினா ஊசியில் வெள்ளி நூலைக் கோர்த்து முதல் குழிக்குள் மூன்று இழை இழுத்தாள். பக்கத்துக் குழியிலும் அதே. பியாங்காவை அருகே நிறுத்தி அந்த ஒரு ஜோடியை மட்டும் பூட்டினாள். முதல் கீற்று ஒரு கணம் யோசித்ததுபோல் இருந்தது. பிறகு எரிந்தது.

"பத்து பாக்கி" என்றாள் ரொவேனா. வெளியே பாண்டு வாத்தியம் கேட்டது. அவள் ஜன்னலுக்கு ஓடினாள். "கிளம்பிட்டாங்க. மணி அஞ்சரைகூட ஆகல. சாமியாருக்கு இன்னைக்கு என்ன அவசரமோ."

"அந்த நூல்ல கொஞ்சம் குடு" என்றாள் அம்மா.

மேசையின் ஒரு பக்கம் டிவினா, எதிர்ப்பக்கம் அம்மா. நடுவில் தோகை.

அம்மாவின் கை பழக்கத்தில் மெழுகுக் கட்டியை நோக்கிப் போனது. எந்த நூலானாலும் ஊசியில் கோர்க்குமுன் அதில் ஒரு இழுப்பு இழுப்பாள்.

"மெழுகு வேண்டாம்மா. அதுவும் தடுக்கும்."

"எச்சில்?"

"எச்சில் பரவாயில்ல."

"அப்பாடி. அதையாவது விட்டியே." அம்மா நூலை நாக்கில் நனைத்துக் கோர்த்தாள். இரண்டு இழை போட்டதும் முகத்தைச் சுளித்தாள். "இது நூலா, முள்ளா? பிரிஞ்சுக்கிட்டே போகுது."

"இழுக்காதே. அது போக்குல விடு."

"எனக்கே சொல்லிக் குடுக்கிறியா?"

"ஆமா."

அம்மா நிமிர்ந்து பார்த்தாள். அடுத்த இழையை இழுக்காமல் விட்டாள்.

"ராணி ஜூடித் போயாச்சு" என்று ஜன்னலிலிருந்து ரொவேனா அறிவித்தாள். "ஒரு கையில கத்தி, ஒரு கையில அட்டையில செஞ்ச வெட்டின தலை. தலைக்கு நம்ம பல் டாக்டர் மாதிரி மீசை. ராணி எஸ்தர் போறா. செருப்பு கடிக்குது போல, நடையைப் பாரு."

"இன்னும் எத்தனை ராணி?" என்றாள் டிவினா.

"நாலு. இல்ல, அஞ்சு."

"எனக்குக் கால் வலிக்குது" என்றாள் பியாங்கா.

"உங்கப்பாவும் இப்படித்தான்" என்றாள் அம்மா டிவினாவிடம், ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல். "கடைசி நிமிஷம்வரைக்கும் ஏதாவது நோண்டிக்கிட்டே இருப்பாரு. நான் திட்டிக்கிட்டே பக்கத்துல நிப்பேன்."

அப்பாவைப் பற்றி அம்மா தானாகப் பேசி எத்தனை வருஷம் ஆயிற்று என்று டிவினா எண்ணிப் பார்த்தாள். எண்ணிக்கை கிடைக்கவில்லை. ஊசி மட்டும் ஓடியது.

பத்து குழிகள் முடிந்தபோது வாசலில் யாரோ கை தட்டினார்கள். ராணி எங்கே, வளைவு தூக்குபவர்கள் நிற்கிறார்கள் என்று குரல் வந்தது. மிச்சம் இரண்டு. இடது ஓரத்துக் கீற்றின் இரண்டு பட்டன்கள்.

"போதும்" என்றாள் அம்மா. நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "பூட்டு."

மங்கலான மாலையில் பியாங்கா வளைவுக்குக் கீழே போய் நின்றபோது, தெருவில் பேசிக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராகப் பேச்சை நிறுத்தினார்கள். தோகை நகர்ந்தது. ஐந்து கீற்றுகள் தரையோடு ஓடும் தண்ணீர்போல அவள் பின்னால் வந்தன. ஒயர் இல்லை. வண்டி இல்லை. வண்டி வர வேண்டிய இடத்தில் வெறும் தெருதான் இருந்தது. டிவினாவின் வலது கை தானாக இடுப்புயரத்துக்கு எழுந்து, எதையோ தூக்கிப் பிடிப்பதுபோல் கொஞ்ச தூரம் வந்தது. கவனித்ததும் இறக்கிக்கொண்டாள்.

ஊர்வலத்தோடு நடப்பவர்கள் எப்போதும்போலத் தெருவின் இரண்டு ஓரங்களிலும் இரண்டு வரிசையாக, மெழுகுவத்தியோடு ஜெபமாலை சொல்லிக்கொண்டு போனார்கள். டிவினாவும் அம்மாவும் வலது வரிசையில்.

"இடது பக்கம் ஒண்ணு எரியல" என்றாள் அம்மா.

"தெரியும்மா."

பத்துப் பன்னிரண்டு அடி நடந்தார்கள்.

"அடுத்த தடவை பட்டன் அடிக்கிறதுக்கு முன்னாடியே சொல்லு. பட்டை எப்படி வெட்டணும்னு பார்த்து வைக்கிறேன். மேசையில ஜன்னல் பக்கம் நீ உட்காரு. எனக்கு வெயில் கண்ணைக் கூசுது."

டிவினா கேட்க நினைத்த மேசை கேட்காமலே கிடைத்துவிட்டது. மெழுகுவத்தியையே பார்த்துக்கொண்டு நடந்தாள்.

பின்னாலிருந்து ரொவேனா தோளைத் தட்டினாள். "இந்தா உன் போன். சார்ஜ்லயே கிடந்தது, பையில போட்டுக்கிட்டு வந்தேன்."

திரையில் ஏஜென்சியின் செய்தி இருந்தது. காலை பதினொன்றே முக்காலுக்கு வந்தது. *உங்கள் தாயாரிடம் பேசினோம். நீங்கள் வரப்போவதில்லை என்று தெரிவித்தார். உங்கள் இடம் அடுத்தவருக்கு வழங்கப்பட்டுவிட்டது. நன்றி.*

இரண்டாவது முறை படித்தாள். பதினொன்றே முக்கால். மாலையில் விளக்கு எரியுமா எரியாதா என்று யாருக்கும் தெரியாத நேரம். அம்மா போனை வைத்துவிட்டுத்தான் பட்டை வெட்ட உட்கார்ந்திருப்பாள்.

அவள் போக விரும்பவில்லை. அது உண்மை. ஆனால் போகவில்லை என்று அவள் இன்னும் சொல்லவில்லை. அதுவும் உண்மை. அப்பாவிடம் ஒரு நாள் சொன்ன ‘வேண்டாம்’ என்ற அந்த ஒற்றை வார்த்தையை, இன்று அம்மா யாரோ முகம் தெரியாத ஆளிடம் சொல்லியிருக்கிறாள். அவளிடம் கேட்காமல்.

"காலையில என் போன் அடிச்சுதாம்மா?"

அம்மா சுடரைக் கையால் மறைத்துக்கொண்டாள். காற்றே இல்லை.

"அடிச்சுது."

"யாரு?"

பாண்டுக்காரர்கள் ஒரு பாட்டை முடித்து அடுத்ததைத் தொடங்கினார்கள்.

"தப்பு நம்பர்."

டிவினா அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அம்மா நேராக ராணியின் முதுகையே பார்த்துக்கொண்டு நடந்தாள். உதடுகள் ஜெபத்தைத் தொடர்ந்தன.

இன்னும் ஒரு மணி நேர ஊர்வலம் இருந்தது. டிவினா போனைப் பைக்குள் போட்டாள். அம்மாவின் பக்கத்திலிருந்து விலகி, தோகையின் பின்னால் தெருவைக் குறுக்கே கடந்து, எதிர் வரிசையில் போய்ச் சேர்ந்துகொண்டாள்.